வாடகை வீட்டுக்காரருக்கும் ஊர் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் செம்பாக்கம் ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். நாமக்கோழிகளையும் முக்குளிப்பான்களையும் எண்ணிக் குறித்து முடித்த பிறகு, பேச்சு தவறாமல் கழிவுநீரை நோக்கித் திரும்பும். எங்களில் பெரும்பாலோர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களிலோ தாம்பரம் சானடோரியத்தின் ஏற்றுமதி மண்டலத்திலோ பணிபுரியும் இளைஞர்கள். வாடகை வீடுகளில் வசிப்பவர்கள். ஏரியின் மீது எங்களுக்கு அக்கறை உண்டு. ஆனால், அதைப் பற்றிப் பேசும் அதிகாரபூர்வமான அவை எதிலும் எங்களுக்கு இடமில்லை.

புதிய மாநகராட்சி, புதிய அவை: தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, கிராம சபையைப் போல நகர மக்களுக்கான பகுதி சபைக் கூட்டங்கள் தமிழகத்தில் தொடங்கப்பட்டன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே பங்கேற்றார். தெருவிளக்கு, குடிநீர், வடிகால் என அன்றாடக் குறைகளை மக்கள் நேரில் எடுத்துரைக்க வழிசெய்த நல்ல தொடக்கம் அது.

ஆனால், அந்த நாள் செவ்வாய்க்கிழமை. மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குச் சென்று திரும்பவே நாளுக்கு இரண்டரை மணி நேரத்தைச் செலவிடும் என்னைப் போன்றவர்கள், வேலைநாளில் நடக்கும் கூட்டத்தில் பங்கேற்பது எளிதல்ல. இரண்டாவது தடை இன்னும் பெரிது. அந்தந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்களே பகுதி சபையின் உறுப்பினர்கள். என் வாக்கோ இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. கடந்த மழைக்காலத்தில் எங்கள் தெரு வடிகால் அடைத்துக்கொண்டபோது மனு எழுதலாம் என்றேன். “நீங்க வாடகைக்கு இருக்கறவங்கதானே, ஓனர் பார்த்துப்பாரு” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொன்னார். வீட்டு உரிமையாளரோ வெளியூரில் இருக்கிறார்.

எங்கள் பங்கும் உண்டு: பழியை முழுவதும் அரசின் மீது போட்டுவிட முடியாது. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஒருவர் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். முகவரியை மாற்றப் படிவம் 8 போதும். தேர்தல்தோறும் ஊருக்குப் போய் வாக்களிப்பதைப் பெருமையாகக் கருதிய நான், ஆண்டில் 350 நாள் வாழும் ஊரை இரவு தங்கும் விடுதியாகவே நினைத்திருந்தேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. 11 மாத வாடகை ஒப்பந்தம் முடிந்தால் எந்தத் தெருவுக்குப் போவோமோ என்கிற நிச்சயமின்மையும் அதற்கு ஒரு காரணம்.

மக்கள் இறங்கினால் மாற்றம் வரும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. 2019இல் சிட்லபாக்கம் ஏரியைத் தூய்மைப்படுத்தக் குடியிருப்புவாசிகளே திரண்டு இறங்கினர்; அந்த ஏரியின் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

எனவே, பகுதி சபைக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்த வேண்டும். வாக்குரிமை வேறு ஊரில் இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுவோர் கூட்டத்தில் பேசவும் மனு அளிக்கவும் அனுமதிக்க வேண்டும். வாக்காளர் முகவரி மாற்றத்துக்கான முகாமையும் அங்கேயே நடத்தலாம். எங்கள் தரப்பிலிருந்து நான் படிவம் 8ஐ நிரப்பிவிட்டேன்; ஏரிக்கரை நண்பர்களிடமும் வலியுறுத்திவருகிறேன். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் பாய்கிறது. வழியிலுள்ள தெருக்களுக்குள் அது புகும்போது, சொந்த வீடா வாடகை வீடா என்று பார்ப்பதில்லை.