தனி என்று எழுதி வைத்தால் தனி ஆகிவிடுமா?



கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. மற்றவர்களும் படிக்கலாம், வயல் தெரிந்தால் புரிந்துவிடும்.

நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டு போன்றவை பிராசஸரை எதிர்பார்க்காமல் நேரே மெமரியில் எழுதும், படிக்கும். எந்தக் கார்டு எந்த இடத்தைத் தொடலாம் என்று பார்க்கும் காவல்காரனுக்கு ஐஓஎம்எம்யூ என்று பெயர். ஒரே சர்வரைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, ஒரு கார்டை ஒருவருக்கு நேரடியாக ஒப்படைப்பது இந்தக் காவல்காரனை நம்பித்தான்.

ஆனால் ஒரே சுவிட்சின் கீழ் இருக்கும் இரண்டு கார்டுகள், காவல்காரனிடம் வராமலே தங்களுக்குள் தொடர்புகொள்ள வழி இருக்கலாம். அப்படிப்பட்டவற்றை ஒரே குழுவாக வைத்து ஒரே ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தக் குறுக்கு வழி அடைபட்டிருக்கிறதா என்று லினக்ஸ் கெர்னல் பார்ப்பது, ஏசிஎஸ் என்ற அமைப்பை வைத்து.

பிழை அங்கேதான். ஏசிஎஸ் ஒரு கார்டிலிருந்து வெளியே போவதை மட்டுமே கட்டுப்படுத்தும். என் வயலின் மடையை நான் அடைத்தால் என் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகாது, சரி. மேல்வயல்காரர் மடை என் வயலைப் பார்த்துத் திறந்திருந்தால்? அவர் அடித்த மருந்தெல்லாம் என் பயிருக்கு வந்துவிடுமே. என் மடையை மட்டும் பார்த்துவிட்டு "இது தனி வயல்" என்று எழுதினால் அது தப்புக் கணக்கு. இரண்டு பக்கமும் பார்த்துக் குழு பிரிக்கும் திருத்தங்கள் 2025-ல் லினக்ஸ் கெர்னலுக்கு முன்வைக்கப்பட்டன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இதுவரை தனித்தனி என்று காட்டிய சில கார்டுகள் ஒரே குழுவாகிவிடும். நேற்று ஓடிய ஏற்பாடு நாளைக்கு ஓடாமல் போகலாம். ஏற்கெனவே சிலர் "ஏசிஎஸ் ஓவர்ரைடு" என்ற ஒட்டுப்போட்டு, பிரியாததைப் பிரிந்ததாகக் கெர்னலை நம்பவைக்கிறார்கள். அதிகாரபூர்வ கெர்னல் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது சரியான முடிவு.

வீட்டில் தன் ஒரே கம்ப்யூட்டரில் ஒருவர் அப்படிச் செய்தால் அது அவர் பாடு. ஊரார் தகவல் கிடக்கும் சர்வரில் அந்த உரிமை யாருக்கும் கிடையாது.

நம் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபர் 29-ல், கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்றார்கள். மறுநாளே, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கியக் கட்டமைப்பு தனியாகவே இருந்தது, பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. இது வேறு வகைச் சம்பவம்தான். ஆனாலும் ஒன்று விளங்குகிறது: நமக்கும் ஆபத்துக்கும் நடுவே நின்றது "தனி" என்ற அந்த ஒரு சொல். அந்தச் சொல் மெய்யாக இருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, சோதனை சரியானதும் ஏதாவது நின்றுபோனால் சோதனையைத் திட்டாதீர்கள். முன்பே இல்லாத பாதுகாப்பு, இல்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. கார்டை மாற்றுங்கள், செருகும் இடத்தை மாற்றுங்கள். கணக்கை மாற்றாதீர்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.