கேக்கின் நடுப்பள்ளமும் கைராசியும்

ஒரு செயல் சிதைந்தவிடத்துக் காரணம் நாடாது விதியை நோவது மாந்தர்க்கு எளிய வழக்கமாகும். அவ்வழக்கம் அடுக்களையிலும் ஆட்சி செலுத்துகின்றது. கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் இல்லங்கள் பலவற்றில் கேக் செய்யப்படுகின்றது. பொங்கி எழுந்த கேக் அடுப்பைவிட்டு இறங்கியதும் நடுவே குழிந்து போமாயின், செய்தவளுக்குக் கைராசி இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுவர். கண்ணேறு என்பாரும் உளர். இத்தீர்ப்பு நேரியதன்று என்பதும், அளவும் பொறுமையும் உடைய எவரும் இக்குறையை நீக்கலாம் என்பதும் நமது துணிபு.

இதனைச் சிறு பொருளென்று எள்ளுதல் தகாது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் நாட்கூலி பெறுவோர் வீட்டில் வெண்ணெயும் முந்திரியும் நாள்தோறும் வாங்கப்படுவன அல்ல. அவை வீணாகும்போது நேரும் பொருட்கேட்டினும் அப்பெண் கேட்கும் பழிச்சொல் கொடிது. வீட்டிலேயே கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் மகளிர்க்கோ, நடுவில் விழும் பள்ளம் பிழைப்பில் விழும் பள்ளமாகும்.

கேக் நம்மவர்க்குப் பிறவிச் சொத்தன்று, கற்றுக்கொண்ட கலையேயாம். 1883 ஆம் ஆண்டில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரௌன் என்னும் தோட்ட முதலாளி தந்த ஆங்கிலக் கேக் ஒன்றை மாதிரியாகக் கொண்டு, கிறிஸ்துமஸ் கேக் செய்தளித்தார் என்பர். பர்மாவில் பிஸ்கட் தொழில் பயின்றவர் அவர். அவர்க்குக் கைராசி எங்கிருந்து வந்தது? பயிற்சியினின்றும் கூரிய நோக்கினின்றும் அன்றோ!

இனிக் குழிவின் காரணம் யாதெனின், கூறுதும். மாவிலிட்ட பேக்கிங் பவுடர் ஈரமும் வெப்பமும் பட்டவுடன் கரியமில வாயுவை வெளிவிடும். அவ்வாயு மாவை மேலெழுப்பும். எழுந்தது நிலைபெற வேண்டுமாயின், முட்டையின் புரதம் உறைந்து, மைதாவின் மாப்பொருள் நீருண்டு வெந்து, சுவர்போல் நிற்றல் வேண்டும். வெப்பம் ஓரத்தினின்று உட்செல்வதால் நடுப்பகுதியே இறுதியில் வேகும். சுவர் உறையுமுன் வாயு வெளியேறினும், வெப்பம் குன்றினும், நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். சர்க்கரை மிகுந்தாலோ, உறைதல் தாமதமாகும்.

நம் கடற்கரை ஊர்களுக்கு உரிய காரணம் ஒன்றும் உண்டு. இங்குள்ள ஈரக்காற்றில், மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவிலுள்ள பேக்கிங் பவுடர் சிறிது சிறிதாக வலுவிழக்கும். கேக் எழாமை கண்டவர் அடுத்த முறை இருமடங்கு இடுவர். திருநாளுக்குப் புதிய டப்பா வாங்கியபோதும் அதே இருமடங்கை இட, மா அளவுகடந்து எழுந்து, தன்னைத் தாங்கமாட்டாது விழும். வெந்நீரில் சிறிது பவுடரைத் தூவிப் பார்த்தால், நன்றாக நுரைப்பது வலுவுடையது; நுரையாதது பயனற்றது. சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது.

செய்யத்தக்கன சிலவே. பொருள்களைத் தம்ளரால் முகவாது தராசில் நிறுத்தல் வேண்டும். பவுண்டு கேக் என்னும் பெயரே இதற்குச் சான்று: மா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடுத்தமையால் அப்பெயர் எய்திற்று. பேக்கிங் பவுடர் இடும் கேக்குகளில் 125 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டியளவு போதியது. ஓவனாயின் 180 பாகை வெப்பத்தை முன்னரே எய்தியிருத்தல் வேண்டும். மணல் பரப்பிய குக்கராயினும் பத்து நிமிடம் முன்னரே சூடேற்றுக. நாற்பது நிமிடம் வேக வேண்டிய கேக்கை முதல் முப்பது நிமிடம் திறந்து பாராதிருத்தல் நலம். பின்னர் நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்தி, மா ஒட்டாது வந்தால் இறக்கலாம். கலந்த மாவை ரொட்டிக் கடையின் அடுப்புக்குக் கொண்டு செல்வோர், தம் முறை வருமுன் வாயு வீணாகாதபடி, மைதாவையும் பவுடரையும் தனியே கொண்டுசென்று இறுதியிற் கலப்பாராக.

நம் பாட்டிமார் எதனை நிறுத்தார்கள், அவர்கள் கேக் குழிந்ததோ என்று வினவுவார் உளர். பல்லாண்டுப் பழக்கத்தால் அவர் கையே தராசாயிற்று என்பதே விடை. அக்கை அவருடன் மறைந்துவிடும். எழுதிவைத்த அளவோ மகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் பயன்படும். கைராசி என்னும் சொல் கற்பிக்கும் கடமையினின்று நம்மை விடுவிக்கின்றது. அளவு அக்கடமையை நினைவூட்டுகின்றது.

நம் ஆண்டவர் பரலோக ராஜ்யத்துக்குப் புளித்த மாவை உவமை கூறியபோது, அதனை மாவில் அடக்கிவைத்த பெண்ணைக் காட்டினார். அவள் எடுத்த மாவுக்கும் மூன்று படி என்னும் கணக்கு அவ்வுவமையிலேயே உண்டு. அளவறிந்து இடுதலும், இட்டபின் பொறுத்திருத்தலும் அவள் தொழில்.

ஆகவே, வரும் திருநாளில் யார் வீட்டுக் கேக்காயினும் நடுவே குழிந்திருப்பின் பழிச்சொல்லை அடக்குவோமாக. வெந்த பகுதியை அறுத்துப் பாலேட்டுடன் கிண்ணத்திலிட்டு உண்போமாக. அதன்பின் அவ்வீட்டாரோடு அமர்ந்து, டப்பாவையும் அடுப்பையும் ஆராய்ந்து, சரியான அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாக. அதுவே அண்டை வீட்டார்க்கு நாம் தரத்தக்க நல்ல கிறிஸ்துமஸ் பரிசாகும்.