கடைசிப் பந்தி யாருக்கு?

நமது வீடுகளில் சோறு உண்ணும் வரிசைக்கு எந்தச் சாஸ்திரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. முதலில் புருஷன், பிறகு பிள்ளைகள், அப்புறம் மாமியார், எல்லாரும் கைகழுவிய பின் மருமகள் என்பது குழந்தைக்கும் தெரியும். புருஷன் உண்ட இலையிலேயே மனைவி உண்ண வேண்டுமென்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. இலை போய்த் தட்டு வந்தது. விறகடுப்புப் போய்க் கேஸ் அடுப்பு வந்தது. பல வீடுகளில் வரிசை மாத்திரம் மாறவில்லை.

1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1967-ல் சுயமரியாதைக் கலியாணம் செல்லுமென்று நமது சட்டசபை சட்டம் செய்தது. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-ல் இந்தியச் சட்டமும் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தன. நிலத்தில் சரிபங்குக்கு உரியவள், சோற்றில் மட்டும் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதற்குத்தான் உரியவளா என்று கேட்கிறோம்.

இது வெறும் மான விஷயமென்று நினைத்துவிடக் கூடாது. 2019-21-ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. ஆண்களில் 25 பேருக்குத்தான். மாதவிடாயும் பிரசவமும் காரணமல்லவா என்பார்கள். ஆம், அவையும் காரணந்தான். அப்படியானால் முட்டையும் கீரையும் மீனும் முதலில் அவளுக்கல்லவா போக வேண்டும்? நாமோ மீனின் நடுத்துண்டை ஆணுக்கு வைத்துவிட்டு, வெறுங்குழம்பை அவளுக்கு விடுகிறோம். பிறகு அவள் மயங்கி விழுந்தால், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்!

அவள் அன்பினால்தான் கடைசியில் உண்கிறாள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த அன்பு ஒரு நாளாவது ஆணுக்கு ஏன் வருவதில்லை?

வைதிகர்களை விடுங்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு நான்கு தோழர்களோடு வீடு சென்று, தூங்கும் மனைவியை எழுப்பித் தோசை வார்க்கச் சொல்லுவோர் நம்மிலேயே உண்டு. அவர்கள் தாலியில்லாமல் கலியாணம் செய்துகொண்டதில் நமக்குச் சந்தோஷமே; தோசை வார்க்கவும் தெரிந்துகொண்டால் இன்னும் சந்தோஷம்.

இதற்குப் புரோகிதனும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம். தோழர்களே, இன்றிரவே சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் வையுங்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து, அவரவரே எடுத்துப் போட்டு உண்ணட்டும். அவரவர் தட்டை அவரவர் கழுவட்டும். குழம்பு போதாவிட்டால் எல்லாருக்கும் குறையட்டும்.