கட்டட வேலைன்னு சொன்னாங்க... போய்ச் சேர்ந்தது செம்மரக் காடு!

தர்மபுரி: மழை பொய்த்தால் தர்மபுரி மாவட்டத்து ஜனங்களுக்கு பஸ் ஏறுவதை விட்டால் வேறு வழியில்லை. பெங்களூர், திருப்பூர், கேரளா என்று மூட்டை முடிச்சோடு கிளம்புகிறார்கள். ஆனால் புரோக்கர்கள் ஊரில் சொல்வது ஒன்று, அங்கே நடப்பது வேறு. அந்தப் பொய் உயிரையே வாங்கி விடும் என்பதற்கு சேஷாசலம் சம்பவமே சாட்சி.

20 பேர் பலி

2015 ஏப்ரல் 7-ந்தேதி, திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழக தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர அதிரடிப்படை போலீசார் சுட்டுக் கொன்றனர். இதில் 7 பேர் தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைப்பகுதியை சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டியவர்கள் கல், கோடாரியால் தாக்கியதால் சுட்டதாக போலீஸ் தரப்பு கூறியது. போலி என்கவுன்டர் என்று உறவினர்கள் கதறினர். கூலி வேலை, கட்டட வேலைக்கு போவதாகத்தான் வீட்டில் சொல்லி விட்டுப் போனார்கள் என்றும் பலர் கூறினர்.

விவரம் தெரிந்தே போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களிடமும் கை நிறைய கூலி என்பதை மட்டும்தான் புரோக்கர் சொல்கிறான். துப்பாக்கியையும் ஜெயிலையும் பற்றி வாயே திறப்பதில்லை. மாட்டிக்கொள்வது கூலியாட்கள்தான். புரோக்கரோ எங்கோ பத்திரமாக இருப்பான்.

மில் வேலையிலும் இதே கதை

நூற்பாலைகளில் ஓடிய 'சுமங்கலி திட்டம்' இன்னொரு உதாரணம். 3 வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக பணம் என்று ஏழை வீட்டுப் பெண்களை சேர்த்தார்கள். ஓவர்டைம், ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாத கட்டுப்பாடு, பாதியில் நின்றால் பணம் கிடைக்காமல் போகும் ஆபத்து எல்லாம் உள்ளே போன பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, வேலைக்கு எடுப்பவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அட்வான்சை காட்டி ஆளை மடக்கி வைப்பது 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்பு சட்டப்படி குற்றம். ஆர்.டி.ஓ.விடமோ கலெக்டரிடமோ புகார் கொடுக்கலாம்.

ஆனால் மலை கிராமத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வேன் ஏற்றுகிற புரோக்கர் எந்த கடிதத்தையும் நீட்டப் போவதில்லை. அதனால் ஏறுவதற்கு முன்பே கேட்டு விட வேண்டும். எந்த ஊர்? என்ன வேலை? முதலாளி யார்? தினக்கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு? பாதியில் ஊர் திரும்ப முடியுமா? பதிலை பேப்பரில் எழுதி வாங்கி வீட்டில் கொடுத்து விட்டுப் போக வேண்டும்.

நிஜமான வேலை வைத்திருப்பவன் இதற்கெல்லாம் தயங்க மாட்டான். 'அதெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம்' என்று எவனாவது மழுப்பினால் உஷார்! அந்த வண்டியில் ஏறவே கூடாது.