குட்டி நாட்டின் கம்ப்யூட்டர் கணக்கு!

குட்டீஸ், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், 'ஸ்கைப் தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். துபாயிலோ, அமெரிக்காவிலோ இருந்த மாமாவுடன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசிய கதையைச் சொல்வர். வெளிநாட்டுக்குப் போன் செய்தால், நிமிடத்துக்கு நிமிடம் காசு கரைந்த காலம் அது. ஸ்கைப் வந்தது, இன்டர்நெட் இருந்தால் போதும், பேச்சு இலவசம் என்றானது!

கடந்த 2003ல் வந்த அந்த ஸ்கைப், 2025 மே மாதம் மூடப்பட்டது. அதைத் தொடங்கிய முதலாளிகளில் ஒருவர் ஸ்வீடன்காரர், இன்னொருவர் டென்மார்க்காரர். ஆனால், அதற்கான சாப்ட்வேரை எழுதியவர்கள், எஸ்டோனியா நாட்டு இளைஞர்கள்.

எஸ்டோனியாவா... அது எங்கே இருக்கிறது? உலக வரைபடத்தில் பின்லாந்துக்குத் தெற்கே, ரஷ்யாவுக்கு மேற்கே, பால்டிக் கடல் ஓரமாகத் தேடுங்கள். தலைநகரம் டாலின். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் தான்! இந்தக் குட்டி நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சந்தை, கடந்த 30 ஆண்டுகளில் கிடுகிடுவென வளர்ந்தது. இனியும் அப்படியே வளருமா? பொருளாதார நிபுணர்கள் இப்போது கேட்கும் கேள்வி இது தான்.

'சந்தை' என்றதும் கத்தரிக்காய், வெண்டைக்காய் நினைவுக்கு வருகிறதா? இதுவும் அதுபோலத் தான். கம்ப்யூட்டர், சாப்ட்வேர், அவற்றைப் பழுது பார்ப்பது, பாதுகாப்பது என எல்லாவற்றையும் விற்போரும், வாங்குவோரும் சேர்ந்தது தகவல் தொழில்நுட்பச் சந்தை. வாங்குவோர் யார்? உங்களைப் போன்ற வீட்டினர், நிறுவனங்கள், அரசு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பத்து பேருக்குத் தோசை சுட ஒரு கிண்ணம் மாவு. நூறு பேருக்கு ஒரு அண்டா மாவு வேண்டும். சாப்ட்வேர் அப்படியல்ல. ஒருமுறை எழுதி விட்டால், பத்து பேர் பயன்படுத்தினாலும், பத்து கோடிப் பேர் பயன்படுத்தினாலும், எழுதிய உழைப்பு ஏறத்தாழ ஒன்று தான்! எனவே, வாங்குவோர் அதிகம் இருந்தால் தான் லாபம். சொந்த நாட்டில் 13 லட்சம் பேர் மட்டும் என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால், எஸ்டோனியா நிறுவனங்கள் முதல் நாளிலிருந்தே வெளிநாட்டைக் குறிவைத்தன.

மார்கஸ் வில்லிக் என்பவர் கதையைக் கேளுங்கள். 2013ல், 19 வயதில், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கி, டாக்சி அழைக்கும் செயலியைத் தொடங்கினார். டாலின் நகரில் இருப்பவர்களே நாலரை லட்சம் பேர் தான். அங்கே எத்தனை பேர் டாக்சி ஏறுவர்? சீக்கிரமே பக்கத்து நாடுகளுக்கும், ஆப்ரிக்காவுக்கும் போய் விட்டார். இன்று, 'போல்ட்' என்ற பெயரில், 40க்கும் அதிகமான நாடுகளில் அந்த நிறுவனம் இயங்குகிறது.

இன்னொரு கதை, இரண்டு நண்பர்களுடையது. இருவரும் எஸ்டோனியாக்காரர்கள், இருந்தது லண்டனில். ஒருவருக்கு எஸ்டோனியாவிலிருந்து சம்பளம், செலவோ லண்டனில். மற்றவருக்கு லண்டனில் சம்பளம்; எஸ்டோனியாவில் வீட்டுக் கடன் கட்ட வேண்டும். இருவருமே வங்கி மூலம் பணத்தை மாற்றினால், கட்டணம் எக்கச்சக்கம். 'உன் பணத்தை என் கணக்கில் அங்கே போடு. என் பணத்தை உன் கணக்கில் இங்கே போடுகிறேன்' என்று பேசிக் கொண்டனர். பணம் எல்லையைத் தாண்டவே இல்லை; வேலை முடிந்தது! அந்த யோசனை, 2011ல், 'வைஸ்' என இன்று அழைக்கப்படும் நிறுவனமானது. நண்பர்களில் ஒருவரான தாவெட் ஹின்ரிகுஸ், ஸ்கைப்பின் முதல் ஊழியர்.

ஆனால், இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைஸின் தலைமையகம் இருப்பது லண்டனில். 2011ல், 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட். ஆக, விதை எஸ்டோனியாவில் முளைத்தாலும், மரம் பெரிதானதும் நிழல் வேறு நாட்டில் விழுகிறது. நாட்டின் கணக்கில் இது ஒரு ஓட்டை.

சரி, இத்தனை திறமைசாலிகள் எங்கிருந்து வந்தனர்?

எஸ்டோனியா, சோவியத் யூனியனிலிருந்து மீண்டும் விடுதலை பெற்றது, 1991 ஆகஸ்டில். அப்போது கையில் பணம் இல்லை. பின்லாந்து, தன் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை இலவசமாகத் தர முன்வந்ததாகவும், 'பழசு வேண்டாம். புதிதாகவே தொடங்குகிறோம்' என எஸ்டோனியா மறுத்ததாகவும் சொல்வர். அமெரிக்காவில் எஸ்டோனியாவின் தூதராக இருந்தவர், தோமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ். பள்ளியில் படித்தபோதே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றவர். 'எல்லாப் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டரும், இன்டர்நெட்டும் கொடுப்போம்' என்ற யோசனை அவருடையது. 1996ல், அதிபர் லென்னார்ட் மெரி அதை அறிவித்தார். திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா... 'புலிப் பாய்ச்சல்!' சில ஆண்டுகளில் கிராமத்துப் பள்ளிகளுக்கும் இன்டர்நெட் வந்து விட்டது. வில்லிக் போன்றோர், அந்தப் புலிக் காலத்துப் பள்ளி மாணவர்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. தானே பெரிய வாடிக்கையாளர் ஆனது. 2002ல், மின்னணு அடையாள அட்டை வந்தது. 2005ல் உள்ளாட்சித் தேர்தலிலும், 2007ல் நாடாளுமன்றத் தேர்தலிலும் இன்டர்நெட் வழியே ஓட்டுப் போட்டனர். 2023 நாடாளுமன்றத் தேர்தலில், பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இன்டர்நெட்டில் தான் விழுந்தன. வரி கட்டுவது, நிறுவனம் தொடங்குவது எல்லாம் வீட்டிலிருந்தே! கல்யாணம் செய்து கொள்ள மட்டும் நேரில் வர வேண்டும்.

எல்லாமே கம்ப்யூட்டரில் என்றால், ஆபத்தும் கம்ப்யூட்டர் வழியே வரும் அல்லவா? 2007 ஏப்ரலில், எஸ்டோனியாவின் வங்கிகள், பத்திரிகைகள், அரசுத் துறைகளின் வெப்சைட்டுகள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. ரஷ்யா மீது எஸ்டோனியா குற்றம் சாட்டியது, ரஷ்யா மறுத்தது. அதன்பின், 2008ல், 'நேட்டோ' நாடுகளின் இணையப் பாதுகாப்பு மையம் டாலினில் தொடங்கப்பட்டது. நாட்டின் முக்கியத் தகவல்களுக்கு லக்சம்பர்க் நாட்டில் ஒரு நகல் வைக்கவும், 2017ல் ஒப்பந்தம் போட்டனர். நாட்டுக்கே ஆபத்து வந்தாலும் தகவல் பிழைத்திருக்குமே!

அந்தப் பயம் வீண் இல்லை என்பது, 2022ல் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது புரிந்தது. அதே ஆண்டு, எஸ்டோனியாவில் விலைவாசி ஏறத்தாழ 20 சதவீதம் ஏறியது. 2023ல், நாட்டின் பொருளாதாரம் 3 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. பாதுகாப்புச் செலவை மொத்தப் பொருளாதாரத்தில் 5 சதவீதத்துக்கும் மேல் உயர்த்த, 2025ல் முடிவு செய்தனர். ராணுவத்துக்குப் பணம் கூடுதலாகப் போனால், அரசு மற்றவற்றுக்கு யோசித்துத் தான் செலவழிக்கும். எனவே, உள்நாட்டுச் சந்தை துள்ளிக் குதிக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. இணையப் பாதுகாப்பு தொடர்பான பிரிவு மட்டும் விதிவிலக்காக இருக்கலாம்; திருடர் பயம் உள்ள தெருவில் பூட்டு வியாபாரம் குறையாதே!

இவற்றை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, வேறு ஒரு கணக்கு. 1990ல், எஸ்டோனியாவில் பிறந்த குழந்தைகள், 22 ஆயிரத்துக்கும் அதிகம். புலிப் பாய்ச்சலின்போது பள்ளிக்கு வந்தவர்கள் அவர்கள். 2024ல் பிறந்தவர்களோ, 10 ஆயிரத்துக்கும் குறைவு! பாதி கூட இல்லை. இப்போது அங்கே வேலை செய்யும் 100 பேரில், ஆறு பேருக்கும் அதிகமானோர் கம்ப்யூட்டர் நிபுணர்கள். ஐரோப்பிய யூனியனின் சராசரி, ஏறத்தாழ ஐந்து பேர் தான். அந்த ஆறு பேருக்குப் பின் யார்? வெளிநாட்டு இளைஞர்கள் வந்து தொழில் தொடங்க, 2017லேயே தனி விசா கொடுக்கத் தொடங்கி விட்டனர். ஆனால், அமெரிக்கா, ஜெர்மனி என எல்லா நாடுகளும் அதே இளைஞர்களைத் தான் அழைக்கின்றன.

ஆட்கள் குறைந்தால், இருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலையைச் செய்தாக வேண்டும். அதற்குத் தான், 2025 செப்டம்பரில், புலிக்கு ஒரு தம்பியை இறக்கியிருக்கின்றனர். 10, 11ம் வகுப்பு மாணவர்கள், 20 ஆயிரம் பேருக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுக்கும் திட்டம் அது. 'வீட்டுப்பாடத்தை அதுவே எழுதிக் கொடுத்து விடுமே!' என்று தானே கேட்கிறீர்கள்? அங்குள்ள ஆசிரியர்களுக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால், மாணவர்களோடு சேர்த்து அவர்களுக்கும் பயிற்சி தரப்படுகிறது. 1996ல் போட்ட விதை, போல்ட்டாகப் பலன் தர, 17 ஆண்டுகள் ஆகின. இந்தத் தம்பி எவ்வளவு தூரம் பாய்கிறான் என்பதை, 2030களில் தான் பார்க்க முடியும்.