விரல் போனதா, எடுத்தார்களா?

என் சித்தப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கட்டுப் போட்ட கையோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து ஆயா பதறிப்போய், "என்னடா ஆச்சு?" என்றார். "விரல் போச்சும்மா" என்றார் சித்தப்பா. அதன்பிறகு இத்தனை வருடங்களில் யார் கேட்டாலும் அதே பதில்தான். பஸ்ஸில் பர்ஸ் போச்சு, வெள்ளத்தில் வீடு போச்சு, பிரஸ்ஸில் விரல் போச்சு.

இந்தப் 'போச்சு' வெகுகாலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. விரல் தானாகப் போகுமா?

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். முடங்கு, முடக்கு. நசுங்கு, நசுக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. நடுவில் உள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியதும், அதுவரை கண்ணில் படாத ஓர் ஆள் வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறான். 'கை நசுங்கியது' என்றால் கை மட்டும்தான் தெரியும். 'கையை நசுக்கினார்கள்' என்றால் யார் என்று கேட்காமல் இருக்க முடியாது. 'ங்' ஒன்று 'க்' ஆவதில் ஒரு குற்றவாளி பிறந்துவிடுகிறான். தமிழின் இந்த நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பு.

ஆனால் செய்தித்தாளில் இந்த வல்லெழுத்து எங்கே வருகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கை முடக்கினார்கள். கட்சிச் சின்னத்தை முடக்கினார்கள். நாடாளுமன்றத்தை முடக்கினார்கள். வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்தார்கள். பணத்துக்கும் சின்னத்துக்கும் குண்டுக்கும் செய்தவர் யார் என்ற விவரம் உண்டு. தொழிலாளியின் உடம்பு என்று வந்துவிட்டால் மட்டும் 'இயந்திரத்தில் சிக்கி இளைஞர் கை துண்டானது' என்று முடிந்துவிடுகிறது. துண்டானது, சிதைந்தது, நசுங்கியது. எல்லாம் தானே நடந்தவை. சிக்கியது அந்த இளைஞரின் பிழை என்பதுபோல ஒரு தொனி வேறு.

பழைய கதைகள் இப்படி மறைக்கவில்லை. மதுரைவீரனுக்கு 'மாறுகால் மாறுகை வாங்கினார்கள்' என்பது நம் ஊர்களில் வழங்கும் சொல். வலது கை என்றால் இடது கால். அப்படிக் குறுக்கே வெட்டும் தண்டனை. 'வெட்டினார்கள்' என்று சொல்லாமல் 'வாங்கினார்கள்' என்று சொல்வதைக் கவனியுங்கள். வரி வாங்குவதுபோல அரசாட்சி உடம்பை வாங்கிக்கொண்டது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் வாங்கியவன் இருக்கிறான். திருமலை நாயக்கர் ஆணை என்று கதை பெயரைச் சொல்லியே சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே இருக்கும் வீரனைக் கும்பிடுகிறவர்களுக்கு அவன் எப்படி மாண்டான், யார் சொல்லி மாண்டான் என்பது தெரியும். தெருச் சண்டையில் 'காலை ஒடிச்சிருவேன்' என்று கத்துகிறவன்கூட ஒடிக்கப்போவது நான்தான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறான்.

மருத்துவமனைக்குப் போனால் இன்னொரு சொல் இருக்கிறது: எடுப்பது. சர்க்கரை முற்றிப் புண் ஆறாமல் போனவர்களின் வீட்டில் 'விரலை எடுத்துட்டாங்க, இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணுங்கறாங்க' என்பார்கள். அங்கே எடுப்பவர் உயிரைக் காப்பாற்ற எடுக்கிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுக்கிறார். பக்கவாதம் வந்தவரைப் பற்றி 'ஒரு கை, ஒரு கால் விளங்கல' என்பார்கள். அதில் செய்தவன் என்று யாரும் இல்லை. அங்கே தன்வினைதான் உண்மை. போலியோவுக்கும் பிறவிக் குறைக்கும் அப்படியே. எல்லா இடத்திலும் ஆளைத் தேடச் சொல்லவில்லை. ஆள் இருக்கும் இடத்தில் மறைக்காதீர்கள் என்கிறேன்.

பெயர்ச்சொல்லில் நாம் நிறைய நாகரிகம் அடைந்திருக்கிறோம். முடவன், நொண்டி என்று கூப்பிட்ட ஊர், ஊனமுற்றோர் என்றது. பிறகு மாற்றுத்திறனாளி என்றது. 2010-இல் தமிழ்நாட்டில் அந்தப் பெயரிலேயே தனித் துறை வந்தது. அந்த மாற்றத்தால் எத்தனையோ பேர் தலைநிமிர்ந்ததை நேரில் பார்த்தவன் நான். பாதிக்கப்பட்டவரை எப்படி அழைப்பது என்று கற்றுக்கொண்டோம். பாதித்தவரை அழைக்கும் வினைச்சொல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சித்தப்பா ஓட்டிய பிரஸ்ஸில் காலால் மிதியை அழுத்தினால், மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். தகட்டை வைப்பதும் எடுப்பதும் கையால். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடாமல் இருக்கத்தான் முன்னால் தடுப்பு. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே இறங்கும் அமைப்பும் உண்டு. ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போட்டே ஆக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் தடுப்பு இருந்தால் கை போய்வர நேரம் பிடிக்கும். ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு குறையும்.

உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று இருந்தது. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20 விழுக்காடு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. சித்தப்பாவுக்கு அந்த இருபதும் வரவில்லை. வைத்தியச் செலவையும் இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரும் எதுவும் கேட்கவில்லை. போனதுதானே, யாரிடம் கேட்பது?

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இடது கையால் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார். "அந்த மெஷினுக்குத் தடுப்பே கிடையாதா சித்தப்பா?" என்று கேட்டேன். "இருந்துச்சுப்பா. கழட்டிச் செவுத்தோரமா சாத்தி வச்சிருந்தாங்க" என்றார்.

இதைப் படிக்கும் செய்தியாளர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'கை துண்டானது' என்று எழுத உட்காரும்போது, அந்தப் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.