பர்கர் கதை போதும், ஜீப்பைப் பாருங்கள்

டாக்டர் ஜி. வெங்கடசாமி என்றாலே மேடையில் பேசுகிறவர்களுக்கு மெக்டொனால்ட்ஸ்தான் ஞாபகம் வரும். பர்கர் போடுகிற மாதிரி கண் ஆபரேஷனை வரிசையாக, மலிவாக, தரம் குறையாமல் செய்து காட்டியவர், ஹார்வர்டிலேயே பாடமாக வைத்தார்கள் என்பார்கள். கைதட்டல். அத்தோடு கதை முடிந்தது. நிஜமாகவே முடிந்ததா?

முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர் அவர். 1976-ல், 58 வயதில், அரசு வேலையில் ஓய்வு பெற்ற கையோடு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 1985-ல் அது தேனிக்கும் வந்தது. அரசு டாக்டராக இருந்த 1960-களிலேயே கிராமங்களில் கண் முகாம் நடத்தியவர். கண் தெரியாதவர் ஆஸ்பத்திரியைத் தேடி வர முடியாது, ஆஸ்பத்திரிதான் அவரைத் தேடிப் போகவேண்டும். அவர் வாழ்க்கையின் சாரம் இதுதான். பர்கர் கதையில் இது காணாமல் போய்விடுகிறது.

முகாமும் போதவில்லை. மதுரை வட்டாரக் கிராமங்களைப் பற்றி 1999-ல் வெளிவந்த ஆய்வின்படி, கண் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். அரவிந்த் இதை மூடி மறைக்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே இருக்கும் பணியாளர் கண்ணைச் சோதிப்பார், டாக்டர் கணினித் திரையில் நோயாளியோடு பேசுவார். போடிநாயக்கனூரிலும் ஒன்று வந்தது.

சரி, இப்போது அதே போடியில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பரிசோதனைக் கட்டணம் சொற்பம்தான். அன்றைய கூலியை யார் கொடுப்பது? 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்வது சுலபம். அவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். குனிந்து, பிஞ்சை விட்டு முற்றிய காயை மட்டும் பறிக்கவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கினால் என்ன ஆகும்? அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. நாற்பது வயது கடந்த தொழிலாளர்களில், கிட்டப் பார்வைக்கான கண்ணாடி கிடைத்தவர்களின் வேலைத்திறன் கிடைக்காதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. ஒரு சாதாரணக் கண்ணாடி செய்த வேலை இது!

கண் தெளிந்தால் லாபம் தொழிலாளிக்கு மட்டுமா? தோட்ட முதலாளிக்கும்தானே? அப்படியென்றால் வருஷத்துக்கு ஒரு நாள், கூலியோடு, தோட்டத்திலேயே கண் பரிசோதனை நடத்தட்டும். ஏலக்காய் வியாபாரிகளும் பங்கு போடட்டும். குடியிருப்பது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில் என்பதைச் சாக்காக வைத்து இரண்டு அரசுகளும் கைகழுவக் கூடாது.

டாக்டர் 2006-ல் மறைந்துவிட்டார். அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் ஒருநாள் விடிவதற்கு முன் கண்ணாடிப் பெட்டியோடு அந்த ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போகட்டும். தேடிப் போகவேண்டும் என்று அவர் காட்டிய வழி இன்னும் மலை ஏறி முடியவில்லை.